முட்டி ஜவ்வு ஆபரேஷன்: அந்த மாத்திரையைப் போடும் முன்

கபடி ஆடி, முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் இணைக்கும் ஏசிஎல் ஜவ்வைக் கிழித்துக்கொண்ட தம்பி ஒருவர், புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷன் முடிந்த 14-ஆம் நாள் நொண்டிக்கொண்டு வந்தார். தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. காய்ச்சலும் பெரிதாக இல்லை. ஆனால் போன வாரம் 90 டிகிரி மடங்கிய முட்டி இப்போது 50-ஐத் தாண்டவில்லை. கை வைத்தால் சூடு. சில்லுக்கு மேலே நீர் கோத்திருந்தது.

"ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

அவருடைய அம்மா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக். 6 மாத்திரை காலி. வீக்கத்தைவிட அந்தக் காலி அட்டைதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இந்த ஆபரேஷனில் மூட்டுக்குள் கிருமி தொற்றுவது பெரும்பாலும் 100-ல் ஒருவருக்கும் குறைவுதான். வருவது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை. அதில் எபிடெர்மிடிஸ் என்பது பூனை மாதிரி, சத்தமில்லாமல் வேலை பார்க்கும். சீழ் வடிய வேண்டும், உடம்பு கொதிக்க வேண்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறுகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதமும் அப்படித்தான்: ஆபரேஷன் ஆனதும் ஏறும், சுமார் 2 வாரத்தில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகம்தான்.

அடுத்த வேலை, முட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவது. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பதை அதுதான் சொல்லும். முன்பே ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தால் கிருமி மூட்டில் இருக்கும், லேபில் வளராமல் போகலாம். தம்பிக்கும் அதுதான் நடந்தது. நீரில் இருந்த வெள்ளையணு எண்ணிக்கை தொற்று என்றது. கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. குறிபார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்தை, பல கிருமிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அன்று இரவே ஆர்த்ரோஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவி, வீங்கிய உள்சவ்வைச் சுரண்டி எடுத்தோம். "புது ஜவ்வைப் பிடுங்கிடுவீங்களா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் அதைக் காப்பாற்றிவிடலாம். ஜவ்வு போனாலும் இன்னொன்று வைக்கலாம். அரித்துப்போன குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. அவசரம் அதற்காகத்தான்.

2012-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு அறிக்கைக்குப் பிறகு, புது ஜவ்வை வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் நனைத்த துணியில் சுற்றி வைத்துப் பொருத்தும் வழக்கம் பரவியிருக்கிறது. தொற்று நன்றாகக் குறைகிறது. ஆபரேஷனுக்கு முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், தப்பில்லை.

தம்பிக்கு இரண்டாம் முறையும் கழுவ வேண்டியிருந்தது. ஊசியும் மாத்திரையுமாக 6 வாரம். ஜவ்வு நின்றது. அந்தக் காலி அட்டை இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறேன்.