26 கிலோ மூட்டையும் முக்கால் பங்கு வாக்கும்

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குப் பல ஆண்டுகளாக நான் வரிக் கணக்குப் பார்த்து வருகிறேன். சிப்பமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு, 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் வரியில்லை என்று 2022 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அவர் கடையிலும் 26 கிலோ மூட்டைகள் வந்து இறங்கின. (பத்துக் கிலோ பைகள் மூன்றை ஒரே சாக்கில் தைத்து 30 கிலோ என்று பில் போட்டால் விலக்குக் கிடைக்காது, இதை இன்றும் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.)

"நம்ம மாநில அரசே இந்த வரியை எடுத்துவிடக் கூடாதா, சார்?" என்று அவர் கேட்டார். மாநில அரசே விதித்த மதிப்புக் கூட்டு வரியான வாட் காலத்துப் பழக்கத்தில் எழுந்த கேள்வி அது. அப்போது சென்னையில் முறையிட்டால் விகிதம் மாற வழி இருந்தது. ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த 2017 ஜூலை 1க்குப் பிறகோ, பில்லில் மாநிலத்தின் பெயரால் இரண்டரை சதவீதம் தனியே அச்சிடப்பட்டாலும், அதைக் கூட்டவும் குறைக்கவும், ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அமரும் ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். அப்பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் கூறியபோதிலும், நடைமுறையில் மாநிலங்கள் அவற்றின்படியே நடக்கின்றன.

கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற முக்கால் பங்கு தேவை என்பதால், எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் ஒன்றிய அரசு இணங்காமல் எதுவும் நடவாது; ஒன்றிய அரசு விரும்புவதைத் தடுக்கவோ, அனைவரும் வாக்களிக்கும் கூட்டத்தில், பன்னிரண்டு மாநிலங்கள் வேண்டும். அதிலும் ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கும் சிறிய கோவாவுக்கும் ஒரே மதிப்புள்ள வாக்குதான். அன்று மதுரை மத்தியத் தொகுதி சட்டமன்ற உறுப்பினராகவும் மாநில நிதியமைச்சராகவும் இருந்த பழனிவேல் தியாகராஜன், 2021 மே மாதக் கூட்டத்தில் எதிர்த்தது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஆனால் அரிசி விஷயத்தில் அண்ணாச்சியிடம் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அரிசிக்கு வரி விதிக்கும் முடிவு கவுன்சிலில் ஒருமனதாக எடுக்கப்பட்டதாக ஒன்றிய நிதியமைச்சர் விளக்கினார். கூட்டத்துக்குள் இணங்கிவிட்டு வெளியே வந்து கண்டிக்கும் வசதியை இந்த அமைப்பு எல்லாக் கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது. என் பார்வையில், வாக்குக் கணக்கைவிடக் கேடானது இதுவே.

ஆகவே வணிகர் சங்கங்கள் அறிவிப்பு வந்த பிறகு கடையடைப்பதோடு நில்லாமல், ஒன்றிய, மாநில வரி அதிகாரிகள் சேர்ந்த விகித நிர்ணயக் குழுவின் பார்வைக்குச் செல்லும்படி, கூட்டத்துக்கு முன்பே மாநில வணிகவரித் துறையிடம் எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதில் கோபத்தைவிடக் கொள்முதல் பில்லும் எடை வாரியான விற்பனைக் கணக்கும் இருக்கட்டும்.