ஒரே ஐ5, இரண்டு வேகம்: மதுரை வெயிலில் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

"இரண்டிலும் ஐ5 பிராசஸர், இரண்டிலும் 16 ஜிபி ராம். ஒன்று மெலிசு, விலையும் கூடுதல். இன்னொன்று கனமானது. கல்யாண ஆல்பம் எக்ஸ்போர்ட் போட்டால் கனமானதுதான் முந்துகிறது. எப்படி?" மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. கல்லூரிச் சேர்க்கை நெருங்கும் நேரம். டவுன் ஹால் ரோட்டில் ஏறி இறங்கப்போகும் பெற்றோருக்கும் இதற்கான பதில் உதவும்.

பதில் வெப்பத்தில் இருக்கிறது. லேப்டாப் இழுக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. எனவே அந்தப் பெட்டி நொடிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளுமோ, அந்த அளவுக்குத்தான் அது தொடர்ந்து வேலை பார்க்க முடியும்.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல் ஐ5-1335யு என்றால் அடிப்படை 15 வாட். ஐ5-13420எச் என்றால் 45 வாட். விளம்பரத்தில் இரண்டுமே ஐ5தான். அந்த 15 வாட் சிப்பும் 55 வாட் வரை தாவும், ஆனால் பெரும்பாலும் அரை நிமிடம் போலத்தான் தாக்குப்பிடிக்கும். பிறகு பெட்டியின் குளிர்விப்புத் திறனுக்கு ஏற்பத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் வரம்புக்கு இறங்கிவிடும். கடைக்காரர் எக்செல் திறந்து காட்டுவதும், பத்து டேப் திறந்து காட்டுவதும் அந்த அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 400 படங்களை எக்ஸ்போர்ட் செய்யும் வேலை அதற்குள் முடியாது.

கடையில் ஏசி ஓடுவதையும் கணக்கில் சேருங்கள். வெப்பம் வெளியேறும் வேகம், சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சிப்பின் வரம்பு 95 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஷோரூமில் 24 டிகிரி என்றால் வித்தியாசம் 71. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை 37 டிகிரி என்றால் வித்தியாசம் 58 மட்டுமே. அதே ஃபேன், அதே குழாய்கள், ஆனால் 45 வாட் தள்ளிய இடத்தில் சுமார் 37 வாட்தான் தள்ள முடியும். இதனால் வேகம் அதே விகிதத்தில் விழுந்துவிடாது. சிப்பின் வேகத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைக்கலாம் என்பதால், வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே மின்செலவு கால்வாசிக்கு மேல் இறங்கும். ஆக அறைச் சூடு மட்டும் பறிப்பது 6, 7 சதவீத வேகம். பெரிய இழப்பு பெட்டியின் அமைப்பில் வருகிறது.

அந்த அமைப்பின் இதயம், செப்பு நிறத்தில் தட்டையாக ஓடும் ஹீட் பைப். அடிமூடியைக் கழற்றினால் பிராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே தெரியும். பார்த்தால் செப்புக் கம்பி மாதிரி இருக்கும். உள்ளே வெற்றிடம், அதில் ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவான சுத்தமான நீர். உட்சுவரில் செப்புத் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்த, நுண்துளைகள் நிறைந்த ஒரு படலம். இதைத் திரி என்பார்கள்.

காற்றை எடுத்துவிட்டதால் உள்ளே இருப்பது நீராவியின் அழுத்தம் மட்டும்தான். அழுத்தம் வளிமண்டலத்தில் எட்டில் ஒரு பங்காக இருந்தால் நீர் 50 டிகிரியிலேயே கொதிக்கும். எனவே சிப் லேசாகச் சூடானாலும் அந்த முனையில் உள்ள நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். ஆவியில் ஏறிய அந்த வெப்பம், அழுத்தம் குறைவான மறுமுனைக்கு மிக வேகமாகப் பாய்கிறது. அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்த தகடுகளைத் தொட்டதும் ஆவி நீராகி, சுமந்து வந்த வெப்பம் முழுவதையும் இறக்கிவைக்கிறது.

இறக்கிவைத்த நீர் எப்படித் திரும்புகிறது? பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. சிப் பக்கம் திரியின் துளைகள் காய்ந்துகொண்டே இருப்பதால், நுண்புழை நுழைவு ஈரத்தை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதும் இதே விசையால்தான். 30 வாட் வெப்பத்தைக் கடத்த நொடிக்கு 13 மில்லிகிராம் நீர் ஆவியானால் போதும். அதாவது நிமிடத்துக்கு முக்கால் கிராமுக்குச் சற்று மேல். குழாயில் இருக்கும் நீர் மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! அதே சொட்டு நீர், நிமிடத்துக்கு ஒரு முறை போல, ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே பருமனுள்ள திடமான செப்புக் கம்பியைவிட இந்தக் குழாய் பல பத்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பொறியியலில் இதைவிட அழகான எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

மெலிசு லேப்டாப் தோற்பதும் இந்தக் குழாய்க்குள்தான். 6 அல்லது 8 மி.மீ. உருளைக் குழாயைப் பெட்டிக்குள் அடக்க 2 மி.மீ. வரை தட்டையாக்குகிறார்கள். ஆவி ஓடும் வழி குறுகிவிடுகிறது. வளைவுகள் கூடினால் திறன் இன்னும் குறையும். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால், திரி நீரைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் சிப் முனை காய்ந்துவிடும். அந்தக் கணத்திலிருந்து அது வெறும் செப்புக் குழாய். வெப்பநிலை சட்டென்று ஏறும், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டும்.

இந்த எண்ணத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் 1942-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். யாரும் சீண்டவில்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலங்களுக்காக மறுபடி உருவாக்கினார். உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த இருபது ஆண்டுகளை யோசித்துப் பார்க்க வேண்டும். நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகளுக்கு வெப்பக் கடத்தல் ஆய்வுக்கென்று தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 40 டிகிரி வெயிலில் வாழ்பவர்களுக்கான கருவியை நாம்தான் வடிவமைக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? கீழமாசி வீதிக் கடைக் கணக்கு, டேலி, ஜிஎஸ்டி என்றால் யு வகை தாராளம். நம்பர் பேட் உள்ள கீபோர்டாக, 15.6 அங்குலமாகப் பாருங்கள். பஸ்ஸில் கல்லூரி போய் வரும் பிள்ளைக்கு ஒன்றரை கிலோவுக்குள், யு வகை, 16 ஜிபி. ராம் போர்டோடு ஒட்டியதா, பிறகு கூட்ட முடியுமா என்று கேளுங்கள். பேட்டரியின் வாட்-அவரை 8-ஆல் வகுத்தால் எளிய வேலைக்குக் கிடைக்கும் மணி நேரம் தோராயமாக வரும். 50 என்றால் ஆறு மணி நேரம். வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ ஐடி வேலை என்றால், தேவைப்படும்போது ராமை 32 ஜிபி ஆக்க வழியிருக்க வேண்டும்.

ஸ்டுடியோ, வீடியோ, முப்பரிமாண டிசைன் என்றால் எச் வகை, தனி கிராபிக்ஸ், இரண்டு ஃபேன், குறைந்தது இரண்டு ஹீட் பைப். திரை 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (திரை எத்தனை நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவு). நிறத்துக்கான இன்னொரு அளவில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் தொடவேண்டாம். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு திரையில் ஒன்றாகவும் பிரின்டில் வேறாகவும் வரும்.

கடையில் டெமோ பீஸ் இருந்தால் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். அதன் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் இருக்கிறது. அதை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் கிகாஹெர்ட்ஸ் எண்ணை 20-ஆவது நொடியிலும் 10-ஆவது நிமிடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்தான் நீங்கள் வாங்கும் வேகம்.

வாங்கிய பிறகு எதிரி தூசி. மெத்தையில் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். ஆயுத பூஜைக்கு விபூதியும் சந்தனமும் பூசுவதானால் மூடியின் மேல் பூசுங்கள்; துளைகளின் பக்கம் போனால் அந்த நுண்தூள் நேரே ஃபேனுக்குள் போகும். கதிர்வீச்சைத் தடுக்கும், சூட்டை இழுக்கும் என்று விற்கும் ஸ்டிக்கர்கள் எதையும் செய்யாது. ஏமாறாதீர்கள்.

ஆடிக்காற்று முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்யலாம். வாரண்டி நிபந்தனையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியின் ஸ்க்ரூக்களை இருந்த வரிசைப்படியே வையுங்கள். நீளம் மாறும், நீளமானது தவறான குழியில் போனால் போர்டைக் குத்தும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தட்டி, புளோயர் அடியுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும். தூசி ஃபேனுக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளம் போல் படிந்திருக்கும், அது முழுசாக வரவேண்டும். மூன்று, நான்கு ஆண்டு ஆன பெட்டியில், சிப்புக்கும் ஹீட் பைப் தொகுதிக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். ஹீட் பைப் தொகுதியைத் தூக்கினால் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அரிசி அளவு புதிது வைத்து, உலோகத்தில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3, 4 வரிசையில் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். தூக்கும்போது குழாயைப் பிடித்து நெம்பவே கூடாது. அது நசுங்கினாலோ கீறினாலோ காற்று உள்ளே போகும். அதன் பிறகு எத்தனை பேஸ்ட் மாற்றினாலும் பலன் இல்லை, தொகுதியையே மாற்ற வேண்டும்.