தாந்தேயோட சர்நேம் ஏன் இவ்ளோ அபூர்வமாச்சு?

இத்தாலியில மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல சர்நேம் இருக்கு, ஜனத்தொகையோ 6 கோடிக்குக் கொஞ்சம் கம்மிதான். ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி, எஸ்போசிட்டோ, பியாங்கி மாதிரி ஒரு சில பேருங்க எல்லா ஊர்லயும் காதுல விழும், ஆனா அந்த 3 லட்சத்துல நிறைய சர்நேம் விரல் விட்டு எண்ணுற அளவுக்கு சில குடும்பங்கள்ல மட்டும்தான் இருக்கு. அப்படி ஒரு பேரு எப்படிப் பொறந்து, எப்படித் தேஞ்சு, எப்படித் தப்பிப் பிழைக்குதுங்கிறதுக்கு ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கு. அதைப் புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு சரியான பேரு அலிகியேரி, கவிஞர் தாந்தேயோட சர்நேம்.

ஏன் இந்தப் பேருன்னா, இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தாந்தேயே எழுதி வச்சிருக்காரு. அவரோட டிவைன் காமெடிங்கிற காவியத்துல சொர்க்கத்தைப் பத்தின பாகத்துல 15-வது காண்டத்துல செவ்வாய் கிரகத்தோட வட்டத்துல தன்னோட எள்ளுத் தாத்தா கச்சாக்வீதாவைப் பாக்குறாரு. 1147-ல தொடங்கின ரெண்டாவது சிலுவைப் போருக்குப் போயி அங்கயே செத்துப் போனவரு அவரு. என் பொண்டாட்டி போ ஆத்துப் பள்ளத்தாக்குலேர்ந்து வந்தவ, உன் குடும்பப் பேரு அவ வழியாத்தான் வந்துச்சுன்னு பேரன்கிட்ட சொல்றாரு. அந்தம்மா தன் பொறந்த வீட்டுப் பேரை மகனுக்கு வச்சாங்க, அவன்தான் முதல் அலிகியேரோ, 1189-ஆம் வருஷத்து ஃப்ளாரன்ஸ் பத்திரம் ஒண்ணுல அவன் பேரு இருக்கு. ஆம்பளை வழியாவே போற சர்நேம்னு நாம நினைக்கிற ஒரு பேரு ஒரு அம்மா வழியா உள்ள வந்திருக்கு, இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி இதே குடும்பத்துல இன்னொரு பொண்ணு வருவாங்க.

மூலப் பேரு அல்திகியேரி, ஜெர்மானியப் பேரு, அதுல ஈட்டின்னு அர்த்தம் வர்ற சொல் ஒண்ணு ஒட்டியிருக்கு. 568-ல லாங்கோபார்டுங்கிற ஜெர்மானிய இனத்துக்காரங்க வந்து இறங்கினதுலேர்ந்து வட இத்தாலி முழுக்க இந்த மாதிரி பேருங்க பரவிக் கிடந்துச்சு. நடுவுல இருந்த ஒரு எழுத்து உதிர்ந்து அலிகியேரி ஆச்சுன்னு தாந்தேயோட வாழ்க்கையை எழுதின பொக்காச்சியோ சொல்றாரு. பழைய பத்திரங்கள்ல அலகியேரி, அல்லிகியேரின்னு ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்காங்க, அப்போ ஸ்பெல்லிங் யாருக்கும் கவலை இல்ல. வெரோனா பக்கம் இன்னிக்கும் அல்தெகேரின்னு ஒரு சர்நேம் இருக்கு, அதுவும் இதே ஜெர்மானியப் பேர்லேர்ந்து கிளம்பினதுதான், ஆனா அவங்க தாந்தேக்கு சொந்தக்காரங்கன்னு அர்த்தம் இல்ல. ஒரே பேரு நாலு ஊர்ல நாலு தாத்தாவுக்கு இருந்திருந்தா நாலு தனித்தனி சர்நேம் முளைச்சிடும்.

அப்பா பேரு எப்போ சர்நேமா உறைஞ்சு போகுதுங்கிறதுதான் அடுத்த விஷயம். நம்ம ஊர் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிடும், அப்பா பேரு மகனோட நிக்கும், பேரனுக்கு வேற எழுத்து. இத்தாலியிலயும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு, தாந்தேயோட அப்பாவையே பெல்லிஞ்சோனே மகன் அலிகியேரோன்னுதான் எழுதினாங்க. ஊரெல்லாம் பெருசாகி, நிலம், கடன், வரின்னு எழுத்து வேலை அதிகமாக அதிகமாக, பேரை ஒரு இடத்துல நிறுத்த வேண்டிய தேவை வந்துச்சு. பணக்காரக் குடும்பங்கள்தான் முதல்ல நிறுத்தினாங்க. 1427-ல ஃப்ளாரன்ஸ் அரசு தன் ஆட்சியில இருந்த சுமார் 60,000 குடும்பங்களோட சொத்தையும் கணக்கெடுத்துச்சு, காத்தாஸ்தோன்னு பேரு, அந்த ஏடுகள்ல பெரும்பாலான குடும்பத்துக்கு சர்நேமே கிடையாது, இன்னார் மகன் இன்னார்னுதான் இருக்கு. 1563-ல த்ரெந்தோவுல கூடின கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம் ஒவ்வொரு சர்ச் வட்டாரத்துலயும் ஞானஸ்நானமும் கல்யாணமும் ஏட்டுல பதியணும்னு கட்டாயம் ஆக்கின பிறகுதான் சாதாரண விவசாயி வீட்டுப் பேரும் கெட்டிப்பட ஆரம்பிச்சுது.

சில பேரு ஏன் அவ்ளோ பெருசாச்சுன்னு கேட்டா, பல இடத்துல தனித்தனியா பொறந்ததுதான் காரணம். சிவப்பு முடியோ செக்கச்செவேல்னு முகமோ இருக்குற ஆள் எல்லா ஊர்லயும் இருப்பான், அதனால வடக்குலயும் நடுவுலயும் ரோஸ்ஸி, தெக்குல ருஸ்ஸோ. கொல்லன் இல்லாத ஊர் ஏது, அதனால ஃபெர்ராரி. எஸ்போசிட்டோவோட கதைதான் மனசைப் பிசையும். நேப்பிள்ஸ்ல அன்னுன்சியாத்தா ஆஸ்பத்திரிச் சுவத்துல மரத்தால ஒரு சுழலும் உருளை வச்சிருந்தாங்க, வளர்க்க முடியாத குழந்தையை ராத்திரி யாருக்கும் தெரியாம வெளிப்பக்கத்துலேர்ந்து அதுல வச்சுத் திருப்பி விட்டா, உள்ள இருக்குற கன்னியாஸ்திரி எடுத்துக்குவாங்க. அப்படி வந்த குழந்தைகளுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையா வச்ச சர்நேம் எஸ்போசிட்டோ, வெளியே விடப்பட்டதுன்னு அர்த்தம். 1875-ல அந்த உருளையை மூடிட்டாங்க. மிலான்ல அதே மாதிரி ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு அந்த ஆஸ்பத்திரியோட புறாச் சின்னத்தை வச்சு கொலம்போன்னு பேரு, ரெண்டுமே இன்னிக்கு நாட்டுலயே அதிகமா இருக்குற சர்நேம்கள்ல அடக்கம். ஒரு எஸ்போசிட்டோவுக்கும் இன்னொரு எஸ்போசிட்டோவுக்கும் ரத்த சொந்தம் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

அலிகியேரிக்கு அந்த வசதி இல்ல, ஒரே ஒரு வேர், ஒரே ஒரு குடும்பம். இங்கதான் கணக்கு உள்ள வருது.

1873-ல பிரான்சிஸ் கால்டன்ங்கிற இங்கிலாந்து அறிஞர் ஒரு பத்திரிகையில ஒரு கணக்கைப் போட்டாரு, அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களோட பேரெல்லாம் ஏன் இப்படி வரிசையா அழிஞ்சு போகுது, அது வெறும் தற்செயலா இருக்க முடியுமான்னு. ஹென்றி வாட்சன்ங்கிற பாதிரியார் விடை எழுதினாரு, 1874-ல ரெண்டு பேரும் சேந்து கட்டுரையா வெளியிட்டாங்க. அவங்களுக்கு முன்னாடியே 1845-ல பிரான்ஸ்ல பியெனெமேங்கிற கணக்கு அறிஞர் இதே விஷயத்தைக் கண்டுபிடிச்சிருந்தாரு, யாரும் கவனிக்கல. விஷயம் ரொம்ப சிம்பிள். பேரு மகன் வழியா மட்டும் போகுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு ஆளுக்கு சராசரியா ஒரு மகன் பெரியவனாகிக் கல்யாணம் பண்றான், அதாவது ஜனத்தொகை ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. ஆனா சராசரிதான் ஒண்ணு, ஒருத்தனுக்கு மூணு மகன், இன்னொருத்தனுக்கு ஒண்ணு, இன்னொருத்தனுக்கு வெறும் பொண்ணுங்க, இன்னொருத்தனுக்கு எதுவுமே இல்ல. இந்த ஏத்த இறக்கத்தைப் பாய்சான்ங்கிற நிகழ்தகவு முறையில கணக்குப் போட்டா, ஒருத்தர்கிட்ட ஆரம்பிச்ச பேரு முதல் தலைமுறையிலயே அத்துப்போற வாய்ப்பு 37 சதவீதம், ரெண்டாவது தலைமுறை முடியறப்போ 53, அஞ்சாவதுல 73, பத்தாவதுல 84, கடைசியில நூறு. குடும்பத்துல எந்தத் தப்பும் நடக்கல, நோயோ போரோ தேவையில்ல, சும்மா காலம் ஓடினாலே போதும்.

ஜனத்தொகை வளர்ந்தா தப்பிச்சிடுமான்னா, ஓரளவுக்குத்தான். சராசரி 1.1 மகன்னு வச்சாலும், அதாவது ஒவ்வொரு தலைமுறைக்கும் ஊர் 10 சதவீதம் பெருகினாலும், ஒரு ஆளுகிட்ட தொடங்கின பேரு என்னிக்காவது அழியற வாய்ப்பு 82 சதவீதம். வாட்சன் இந்த இடத்துல சறுக்கிட்டாரு, எல்லாப் பேரும் அழிஞ்சே தீரும்னு முடிவு கட்டிட்டாரு, சராசரி ஒண்ணுக்கு மேல போனா சில பேரு நிரந்தரமா நிக்கும்ங்கிறதை 20-ஆம் நூற்றாண்டுல வந்தவங்கதான் சரி பண்ணாங்க. இன்னொண்ணையும் கவனிக்கணும், ஆபத்து எல்லாம் ஆரம்பத் தலைமுறைகள்ல. எப்படியோ நாப்பது அம்பது ஆம்பளைங்கன்னு பெருகிட்ட பேரு அதுக்கப்புறம் லேசுல சாகாது, ஒண்ணு ரெண்டு பேர்ல தொங்கிட்டு இருக்குற பேருதான் ஒரு தட்டுல போயிடும்.

தாந்தே குடும்பம் தொங்கிட்டுதான் இருந்துச்சு. 1302-ல அவரை ஃப்ளாரன்ஸ்லேர்ந்து நாடு கடத்தினாங்க, 1321-ல ராவென்னாவுல இறந்து போனாரு. மக அந்தோனியா ராவென்னாவுல கன்னியாஸ்திரி மடத்துல சேந்துட்டாங்க. மகன் பியெத்ரோ வெரோனாவுல நீதிபதி ஆகி, 1353-ல பக்கத்துல வால்போலிசெல்லா பள்ளத்தாக்குல கார்கன்யாகோங்கிற இடத்துல நிலம் வாங்கினாரு. பேரு நிலைச்சது அந்தக் கிளையில. பியெத்ரோவுக்கு மகன் இன்னொரு தாந்தே, அவருக்கு மகன் லெயொனார்தோ. 1436-ல தாந்தேயோட வாழ்க்கை வரலாறு எழுதின லெயொனார்தோ புரூனி கடைசியில ஒரு விஷயம் சொல்றாரு, அந்தக் கொள்ளுப்பேரன் வெரோனா இளைஞர்களோட ஃப்ளாரன்ஸுக்கு வந்து தன்னைப் பாத்ததாகவும், முன்னோரோட வீடெல்லாம் எதுன்னு தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினதாகவும், அவனுக்கே தெரியாத பல விஷயத்தைச் சொன்னதாகவும். குடும்பத்தைத் துரத்தின ஊர்ல, அந்தத் தெருவுல, அந்தப் பேரனை நிக்க வச்சுக் காட்டின அந்தக் காட்சியை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

1500-கள்ல குடும்பத்துல மூணு அண்ணன் தம்பி மிஞ்சினாங்க, பியெத்ரோ, லுதோவிகோ, பிரான்செஸ்கோ. மூணு பேருக்கும் பேரைத் தூக்கிட்டுப் போக மகன் யாரும் நிலைக்கல. பியெத்ரோவோட பொண்ணு ஜினேவ்ரா 1549-ல மார்க்கந்தோனியோ செரேகோங்கிற பிரபுவைக் கல்யாணம் பண்ணாங்க. கால்டன் கணக்குப்படி கதை இதோட முடிஞ்சிருக்கணும். ஆனா ஜினேவ்ராவோட வாரிசுங்க சொத்தோட சேத்துப் பேரையும் எடுத்துக்கிட்டாங்க, செரேகோ அலிகியேரின்னு ரெண்டும் ஒட்டின சர்நேம் வந்துச்சு. அந்தக் குடும்பம் இன்னிக்கும் அதே நிலத்துல திராட்சை பயிர் பண்ணி ஒயின் எடுக்குது. அலிகியேரிங்கிற பேரு தாந்தேயோட ரத்தத்துல நேரா இன்னிக்கு இருக்குதுன்னா அந்த ஒரு வீட்டாலதான், அதுவும் ஒரு பொண்ணு வழியா. முதல்ல சொன்ன போ பள்ளத்தாக்கு அம்மாவையும் சேத்தா, இந்தப் பேரு ரெண்டு தடவை பெண்கள் கையாலதான் உயிர் பிழைச்சிருக்கு.

பெரிய குடும்பங்களுக்கு இந்த ஆபத்து சாதாரண ஜனத்தை விட அதிகம், அதுக்கு அவங்களே ஒரு காரணம். சொத்து பிரிஞ்சிடக் கூடாதுன்னு ஒரே ஒரு மகனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டு மத்தவங்களை கல்யாணம் இல்லாமயோ சர்ச்சுலயோ விட்டுடுவாங்க. வெனிஸ் 1297-ல தன்னோட பெரிய சபைக் கதவைப் புதுக் குடும்பங்களுக்குச் சாத்தினப்புறம் அங்க இந்தக் கணக்கு கண்ணு முன்னாடியே ஓடுச்சு. 1500-கள்ல சுமார் 2,500 பேர் இருந்த பிரபு வர்க்கம் 1797-ல குடியரசு விழறப்போ பாதிக்கும் கீழ போயிருந்துச்சு, அதுவும் நடுவுல கிரீட் தீவுக்காகத் துருக்கியரோட நடந்த போருக்குக் காசு வேணும்னு புதுக் குடும்பங்களைப் பணத்துக்குச் சேத்துக்கிட்ட பிறகும்.

அபூர்வ சர்நேம் மரபணு ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு புதையல். ஒய் குரோமோசோமும் அப்பாகிட்டேர்ந்து மகனுக்குத்தான் போகும், சர்நேமும் அப்படியேதான். பிரிட்டன்ல 2009-ல வெளியான ஒரு ஆய்வுல 40 சர்நேம்களை எடுத்துப் பாத்தப்போ, ஸ்மித் மாதிரி பல வேர் உள்ள பேரு இருக்குறவங்களோட ஒய் குரோமோசோம்ல ஒத்துமை எதுவும் தெரியல, ஆனா அபூர்வமான பேரு இருக்குற ஆம்பளைங்க பெரும்பாலும் ஒரே மாதிரி ஒய் வச்சிருந்தாங்க, ஒரே தாத்தா வழி வந்தவங்கன்னு அதுலயே தெரிஞ்சிடுது. இத்தாலியில காவல்லி-ஸ்ஃபோர்ஸா குழு பார்மா பக்கத்து மலை கிராமங்கள்ல சர்ச் ஏடுகளையும், அப்புறம் நாடு முழுக்க டெலிபோன் டைரக்டரியையும் வச்சுக்கிட்டு எந்தப் பேரு எங்க குவிஞ்சிருக்கு, யாரு எங்கேர்ந்து எங்க நகர்ந்தாங்கன்னு மேப் போட்டாங்க. லேப்ல ஒரு சொட்டு ரத்தம் சோதிக்கிறதுக்கு முன்னாடியே பேருங்களை எண்ணியே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

கால்டன் கணக்கு உண்மையான்னு பாக்கணும்னா நாடுகளை ஒப்பிட்டுப் பாருங்க. சீனாவுல சர்நேம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு, அங்க அதிகமா இருக்குற 100 பேருலயே சுமார் 85 சதவீத ஜனம் அடங்கிடும், மத்ததெல்லாம் காலப்போக்குல தேஞ்சு போச்சு. ஜப்பான்ல 1875-ல தான் சட்டம் போட்டு எல்லாரையும் சர்நேம் வச்சுக்கச் சொன்னாங்க, அங்க ஒரு லட்சத்துக்கும் மேல இருக்கு, உதிர்றதுக்கு இன்னும் நேரமே கிடைக்கல. இத்தாலி நடுவுல நிக்குது, நானூறு அஞ்சூறு வருஷம்தான் ஆகுது, அதனால ஒத்தைக் குடும்ப சர்நேம்கள் இன்னும் ஆயிரக்கணக்குல மிஞ்சியிருக்கு. குமாஸ்தா தப்பா எழுதின ஒரு எழுத்து, வெளிநாட்டுலேர்ந்து குடியேறினவங்கன்னு புதுசா சேர்றதும் உண்டு.

இப்போ விதியே மாறிடுச்சு. 2022-ல இத்தாலியோட அரசியல் சாசன நீதிமன்றம் 131-வது தீர்ப்புல, குழந்தைக்குத் தானா அப்பா பேரு மட்டும் போறது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. இனிமே ரெண்டு பேரோட சர்நேமும் அவங்க ஒத்துக்கிற வரிசையில வரும், ஒண்ணே போதும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒண்ணு. வெறும் பொண்ணுங்க இருக்குற வீட்டோட பேரும் இப்போ சட்டப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகலாம், அபூர்வப் பேரு வச்சிருக்குற குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன். ஆனா ரெண்டு ரெண்டு பேரு இருக்குற ரெண்டு பேர் கல்யாணம் பண்ணா குழந்தைக்கு நாலு, அடுத்து எட்டுன்னு போகும்ல, அதுக்கு ஒரு வரம்பு போட்டு சட்டம் கொண்டு வாங்கன்னு நீதிமன்றமே பார்லிமென்ட்டைக் கேட்டிருக்கு. அந்த வரம்பு வந்தா ஒவ்வொரு வீட்டுலயும் எந்தப் பேரை வச்சுக்கிறது, எதை விடுறதுன்னு அப்பாவும் அம்மாவும் உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டியிருக்கும்.