எரிபொருள் மாறினால் பராமரிப்புக் கணக்கும் மாறும்

சிறிய விமானங்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 வகை இன்ஜினுக்கு ஆயில் மாற்றும் இடைவெளி என்ன என்று கேட்டால், ஹேங்கரில் பெரும்பாலும் '100 மணிநேரம்' என்றுதான் பதில் வரும். அது பாதி பதில்தான். அந்த 100 மணிநேரம் ஈயமில்லா பெட்ரோலில் ஓடும் இன்ஜினுக்கு உரியது. மொத்த ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஏவ்காஸில், அதாவது ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில், ஓடியிருந்தால், 50 மணிநேரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். 200 மணிநேரம் போகும் ஸ்பார்க் பிளக்குகளை 100 மணிநேரத்தில் கழற்றிப் போட வேண்டும். ஓவர்லோட் கிளட்ச் (புரொப்பெல்லரின் அதிர்ச்சியைத் தாங்கும் கிளட்ச்) உள்ள கியர்பாக்ஸை 1000-க்குப் பதில் 600 மணிநேரத்தில் திறந்து பார்க்க வேண்டும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? கணக்குப் போட்டால் தெரியும். இந்தியாவில் சாலை வண்டிகளுக்கான பெட்ரோலில் ஈயம் 2000 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு போய்விட்டது. நீலநிற 100எல்எல் ஏவ்காஸில் இன்னும் இருக்கிறது. லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம். 912 வகையில் 100 குதிரைத்திறன் கொண்ட யூஎல்எஸ் மாடல் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். 100 மணிநேரத்தில் 1800 லிட்டர். அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ ஈயம் அந்தச் சின்ன இன்ஜின் வழியாகப் போகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறிவிடும். மிஞ்சியது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும்.

கலந்தது அங்கேயே மிதந்துகொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அது அடியில் படிகிறது. ஆயில் டேங்கைக் கழற்றிக் கழுவும்போது அடியில் விரலால் வழிக்கிற அளவுக்குச் சாம்பல் நிறச் சேறு படிந்திருக்கும். இதே ஆயில்தான் கியர்பாக்ஸையும் நனைக்கிறது. ஓவர்லோட் கிளட்சின் தட்டுகளுக்கு இடையே அந்தச் சேறு இறுகினால் உராய்வு மாறி, புரொப்பெல்லரின் அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய கிளட்ச் தன் வேலையைச் செய்யாது. முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைத் தன்னுள் மிதக்கவைத்துக் கொள்வதில் பலவீனமானது. ஏவ்காஸ் அதிகம் போடுபவர்கள் அதைத் தவிர்த்து, கியருக்கும் ஏற்ற அரை சிந்தெடிக் ஆயிலைத் தேர்ந்தெடுங்கள். லைக்கமிங் போன்ற பழைய வகை விமான இன்ஜின்களுக்குப் போடும் ஆயிலை இதில் ஊற்றக்கூடாது.

ஆயில் மாற்றும்போது இரண்டு இடங்களில் நேரம் செலவிடுங்கள். ஒன்று, ஃபில்டர். வெட்டித் திறந்து, காகித மடிப்பை முழு நீளத்துக்கும் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மற்றொன்று, ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த பிளக். அதில் இரும்புத் துகள் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாகச் சேர்ந்திருந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். அதற்கு மேல் இருந்தால் காரணம் தெரியும்வரை விமானம் தரையில்தான் நிற்க வேண்டும். ஈயச்சேறு காந்தத்தில் ஒட்டாது என்பதால் காந்த பிளக் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்டாதீர்கள். இந்த வேலை நடக்கும்போது புரொப்பெல்லரை எதிர்த்திசையில் சுற்றவும் கூடாது. ஆயில் குழாய்களில் காற்று ஏறிவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் பேரிங்குகள் உலர்ந்து ஓடும்.

கையுறை கட்டாயம். ஏவ்காஸில் உள்ள ஈயச் சேர்மம் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். அதே பெட்ரோலில் கை கழுவுவதும் பாகங்களைக் கழுவுவதும் பல இடங்களில் சர்வசாதாரணம். இளம் டெக்னீஷியன்களுக்கு இதை யாரும் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

சரி, ஈயமில்லாததற்கு மாறிவிட்டால் கவலை தீர்ந்ததா? ரோட்டாக்ஸுக்குப் பெரும்பாலும் ஆம், அது அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பழைய லைக்கமிங் வகைகளில் அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் 2023-இல் தன் பயிற்சி விமானங்களை யூஎல்94 என்ற ஈயமில்லா எரிபொருளுக்கு மாற்றியது. சில மாதங்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் (வால்வு மூடும்போது அமரும் வளையங்கள்) அளவுக்கு மீறித் தேய்வது தெரியவந்து, அக்டோபரில் 100எல்எல்லுக்கே திரும்பியது. ஈயப் படிவு வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை போல இருந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது என்பது பொதுவான விளக்கம். ஈயம் மட்டுமல்ல, எரிபொருளில் அரோமேட்டிக் சேர்மங்கள் (பென்சீன் வளையம் கொண்ட ஹைட்ரோகார்பன்கள்) எவ்வளவு இருக்கின்றன என்பதும் முக்கியம் என்று லைக்கமிங் சொன்னது.

சீட் தேய்வதைக் கண்டுபிடிக்கும் வழி டிரை டாப்பெட் இடைவெளி. ஹைட்ராலிக் லிஃப்டரில் உள்ள ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் இடையே ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளக்க வேண்டும். லைக்கமிங்கின் ஓ-320, ஓ-360 போன்ற பல மாடல்களில் அனுமதி 0.028 முதல் 0.080 அங்குலம் வரை. சீட் தேயத் தேய வால்வு சிலிண்டர் தலைப்பகுதிக்குள் அமிழ்ந்து, தண்டு ராக்கர் பக்கம் நகர்ந்து, இடைவெளி குறைந்துகொண்டே வரும். முற்றிலும் அடைபட்டுவிட்டால் வால்வு மூடாது. சூடான வாயு ஓரத்தைத் தீய்த்துவிடும். எரிபொருளை மாற்றும் முன் எட்டு வால்வுகளுக்கும் அளவெடுத்து லாக்புக்கில் எழுதுங்கள். பிறகு 100 மணிநேர ஆய்வுகளில் மறுபடி அளந்து முன்னதோடு ஒப்பிடுங்கள். முதல் அளவு இல்லையென்றால், அடுத்த அளவு அனுமதிக்குள் இருந்தாலும் அது எந்தத் திசையில் போகிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. என்சிசி பயிற்சியில் பறக்கும் பிபிஸ்ட்ரெல் வைரஸ் எஸ்டபிள்யூ 80 விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 912 தான். அந்த வகை இன்ஜினுக்கு எத்தனால் 10 சதவீதம்வரைதான் அனுமதி. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20. அவசரத்துக்கு ஜெரிகேனில் வாங்கி ஊற்றுவது எந்தச் சூழலிலும் கூடாது. ஆக்டேன் போதும் என்ற வாதம் இங்கே செல்லாது: ரப்பர் குழாய், சீல், கம்போசிட் டேங்கின் ரெசின் ஆகியவை எத்தனாலில் ஊறிக் கெடும், கார்புரேட்டர் கலவை மெலியும், ஈரம் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதித்த அளவை விமானத் தயாரிப்பாளர் அனுமதிக்காமலும் இருக்கலாம். இரண்டில் எது கடுமையோ அதையே பின்பற்றுங்கள்.

சந்தேகமான பெட்ரோலைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். 100 மில்லி அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 கோடுவரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி, தெளியவிடுங்கள். தண்ணீர்க் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. மேலே ஏறியிருந்தால், எத்தனை மில்லி ஏறியதோ ஏறக்குறைய அத்தனை மில்லி எத்தனால் அந்த 90 மில்லி பெட்ரோலில் இருக்கிறது.

30 சதவீதக் கணக்குக்கும் எழுத்துதான் ஆதாரம். ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் தேதி, லிட்டர், வகை மூன்றையும் டெக் லாக்கில் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில்) பதியுங்கள். மேலே சொன்ன 18 லிட்டர் கணக்கில், 100 மணிநேரத்தில் 540 லிட்டர் ஏவ்காஸ் போனாலே எல்லை வந்துவிடும். வெளியூர் விமான நிலையங்களில் இந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் ஏவ்காஸ்தான் நிரப்ப வேண்டியிருக்கும் என்பதால், தொலைதூரப் பயிற்சி அதிகமுள்ள மாதங்களில் இந்த எல்லை சீக்கிரமே தாண்டும். பதிவு இல்லாத விமானத்துக்கு 50 மணிநேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.