ஒத்ரோபந்தா: சொல் விளக்கம்

ஒத்ரோபந்தா என்பது பாபியமெந்து மொழிச் சொல். 'ஒத்ரோ' என்றால் மற்ற. 'பந்தா' என்றால் பக்கம். இரண்டும் ஸ்பானியம், போர்த்துக்கேயம் வழியாக வந்தவை. (நம்மூரில் சிலர் காட்டும் பந்தாவுக்கும் இதற்கும் உறவில்லை.) கரீபியக் கடலில் குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட்டில் ஒரு பழைய நகர்ப்பகுதிக்கு இது பெயர்.

எதற்கு மற்ற பக்கம்? 1634இல் தீவைப் பிடித்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, சான்டா அன்னா விரிகுடாவின் கிழக்கு முனையில் கோட்டை கட்டியது. அங்கே மதிலுக்குள் வளர்ந்த ஊர் புந்தா. முனையைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் திரிபு அது. இடம் போதாமல் 1707இல் நீருக்கு மேற்கே எழுந்த குடியிருப்புக்குப் புந்தாக்காரர்கள் வைத்த பெயர்தான் ஒத்ரோபந்தா. அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் தம் ஊரை 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்கிறார்.

கட்டடத்திலும் வேறுபாடு தெரியும். புந்தாவில் நேர்த் தெருக்கள். டச்சு வளைவு முகப்புடன் சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள். ஒத்ரோபந்தாவுக்கு மதில் இல்லை. சந்துகள் வளைந்து ஓடும், மனைகள் அகலம். இரண்டிலும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு 1817இல் தடைசெய்யப்பட்டது. வெயிலில் அது கண்ணைக் கூசச் செய்ததே காரணம் என்பார்கள். காவி மஞ்சளும் சிவப்பும் நீலமும் அதன்பின் வந்தவை. பவளக்கல் சுவர்களில் உப்பு ஊறியிருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும்.

1888 முதல் இரு பக்கத்தையும் இணைப்பது எம்மா அரசி மிதவைப் பாலம். கப்பல் வந்தால் ஒருபக்கம் கீலில் நிற்க, மறுமுனை எஞ்சின் விசையில் விலகிவிடும். அந்த நேரத்தில் படகுதான், கட்டணமில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'மறுபக்கம்' என்றால் தாளின் மறுபக்கம் நினைவுக்கு வரும். 'எதிர்க்கரை'யில் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது. யார் எங்கே நின்று சொன்னார் என்பது இல்லை. 'அக்கரை' என்றால் சொல்பவர் இக்கரையில் நிற்கிறார் என்பதும் உள்ளே வந்துவிடும். 1658இல் இன்னொரு டச்சுக் கம்பெனி பிடித்த நாகப்பட்டினத்திலும் ஆற்றுக்கு அப்பால் அக்கரைப்பேட்டை இருக்கிறதே!

எழுதும்போது 'ஒத்ரோபந்தா' என்ற பெயரை அப்படியே வைத்து, முதல்முறை மட்டும் 'அக்கரை' என்று பொருள் தரலாம். 'அக்கறை' என்று வல்லின றகரம் போட்டால் ஊர் போய்க் கரிசனம் வந்துவிடும்.