விண்வெளி வீரரா, விண்ணோடியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை, சாயங்கால நேரம். பக்கத்து மேசையில் ஒரு தாத்தாவும் தமிழ்ப்பள்ளிச் சீருடையில் அவர் பேத்தியும். மலாய்ப் பயிற்சிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பிள்ளை கேட்டாள்: “தாத்தா, அங்காசாவான்னா தமிழ்ல என்னா?” தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டிய மனிதர். “வான்னு வருதுல்ல, வானத்துல போறவனாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு தே தாரிக்கை உறிஞ்சினார்.

பொருள் சரி. பிரித்த இடம்தான் தவறு.

அங்காசா என்பது வடமொழி ஆகாசம். நாம் ஆகாயம் ஆக்கிக்கொண்டோம், மலாய்க்காரர் மூக்கொலி சேர்த்து அங்காசா ஆக்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘வான்’ வானமே அல்ல. தனவான், பலவான், குணவான் என்கிறோமே, அந்த வான். ‘உடையவன்’ என்று பொருள். மலாயில் பணக்காரர் ஹார்த்தாவான், செய்தியாளர் வர்த்தாவான். அந்த வரிசையில் அங்காசாவானை அப்படியே தமிழில் போட்டால் ‘ஆகாயவான்’. ஆகாயத்தையே சொத்தாக வைத்திருப்பவர் போல ஒலிக்கிறது, போகட்டும்.

இந்தச் சொல் நம் வீடுகளுக்குள் வந்தது 2007 அக்டோபர் 10 அன்று. மலேசியாவின் முதல் அங்காசாவான் ஷேக் முஸாஃபார் ஷுக்கோர் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் ஏறி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய பேரத்தோடு வந்த இருக்கை அது. நோன்பு மாதத்தில் புறப்பட்டவருக்கு நோன்புப் பெருநாளும் மேலேயே கழிந்தது. நாசா தன் குறிப்புகளில் அவரை ‘விண்பயணப் பங்கேற்பாளர்’ என்ற வகையில்தான் சேர்த்தது. நமக்கு அங்காசாவான், அவர்களுக்கு வெறும் பங்கேற்பாளர். ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மரியாதையும் எவ்வளவு கஞ்சத்தனமும் ஒளிந்திருக்கின்றன, பாருங்கள்.

இந்தச் சொல் சண்டை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தபோது சோவியத்துக்காரர்கள் அவரைக் காஸ்மோனாட் என்றார்கள். அமெரிக்கர்கள் தங்கள் ஆளுக்கு அஸ்ட்ரோனாட் என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்னது ‘அண்டத்து மாலுமி’, பின்னது ‘விண்மீன் மாலுமி’. இரண்டிலும் வால் ஒன்றே, கிரேக்கத்தில் மாலுமியைக் குறிக்கும் ‘நாட்டீஸ்’. வேலை ஒன்று, கொடி வேறு, அதனால் பெயரும் வேறு.

அடுத்து எழுந்து வந்த நாடு சீனா. 2003 அக்டோபர் 15 அன்று கிளம்பிய யாங் லிவெய் ஷென்சோ 5 கலத்தில் 14 முறை பூமியைச் சுற்றித் திரும்பினார். உலகப் பத்திரிகைகள் ‘டைக்கோனாட்’ என்று எழுதின. சீனத்தில் டைகோங் என்றால் விண்வெளி. அந்தச் சொல்லை 1998-இல் இணையக் குழுவொன்றில் முதலில் எழுதியவர்களில் மலேசியர் ஒருவரும் உண்டு என்பது நம்மூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. சீனர்களின் சொந்தச் சொல்லோ ‘ஹாங்டியென்யுவான்’. ஹாங் என்றால் கலம் செலுத்துதல், டியென் வானம், யுவான் ஆள். ஷென்சோ என்ற பெயருக்கே தெய்வ ஓடம் என்றுதான் பொருள். அனைத்துலக நிலையத்தில் இடம் கிடைக்காத சீனா டியென்கோங் என்று சொந்த நிலையத்தைக் கட்டி 2022-இல் முடித்தது. 2030-க்குள் நிலவில் ஆள் இறக்குவோம் என்கிறது. இந்தியா தன் ககன்யான் திட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்து ‘ககனயாத்திரி’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. ககனம் நம் அகராதிகளிலும் இருக்கும் சொல்தான், ஆனால் யாத்திரி என்றதும் காசிக்கும் பழனிக்கும் போகிறவர்தானே நினைவுக்கு வருகிறார்?

நாம் என்ன செய்கிறோம்? ‘விண்வெளி வீரர்’ என்கிறோம். முதலில் போனவர்கள் விமானப்படை, கடற்படை ஆட்கள், போட்டியும் பனிப்போர்க் காலத்துப் போட்டி; அப்போது வீரர் பொருந்தியது. இன்று மருத்துவரும் போகிறார், ஆசிரியரும் போகிறார். நம் அங்காசாவானே எலும்பு மருத்துவர். வாள் எங்கே, களம் எங்கே?

வேடிக்கை என்னவென்றால், வண்டிக்கு நாம் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறோம். விண்கலம். கலம் என்றால் மரக்கலம், கப்பல். கப்பலைக் கட்டிவிட்டு அதற்குள் சிப்பாயை உட்கார வைத்திருக்கிறோம்.

கப்பலில் போகிறவருக்குத் தமிழில் கடலோடி என்று பெயர். அந்த அச்சில் வார்த்தது ‘விண்ணோடி’. சிலர் ஏற்கெனவே எழுதிவருகிற சொல்தான். ‘ஓடி’ என்பதைக் காலால் ஓடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்றால் யாரும் அலைமேல் ஓட்டப்பந்தயம் வைப்பதில்லை. விண் பழைய சொல்: ‘விண்ணென வரூஉம் காயப் பெயர்’ என்று தொல்காப்பியமே அதற்குப் புணர்ச்சி விதி சொல்கிறது. அங்கே ‘காயம்’ என்பது ஆகாயம். நம்மில் பலர் வீட்டில் நாள்தோறும் அஸ்ட்ரோ விண்மீன் தொலைக்காட்சி ஓடுகிறது, எனவே விண் யாருக்கும் புதிதும் அல்ல.

விண்ணோடியில் எனக்குப் பிடித்த வசதி இன்னொன்று. 2012-இல் லியூ யாங் சீனாவின் முதல் பெண்ணாக மேலே போனபோது ‘விண்வெளி வீராங்கனை’ என்று நீட்டி எழுத வேண்டியிருந்தது. விண்ணோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

நான் எழுந்து போய், அந்தப் பிள்ளையின் புத்தக ஓரத்தில் பென்சிலால் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். பரீட்சையில் ‘விண்வெளி வீரர்’ என்றே எழுது, மார்க் போய்விடும் என்றும் சொன்னேன். தாத்தா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். “விண்ணோடி… கடலோடி மாதிரியா? எங்கப்பா கப்பல்ல வந்தவருதான்.” பேத்தி அதைக் காதில் வாங்கவில்லை. “அப்ப நான் போனாலும் விண்ணோடிதானா?” என்று கேட்டுக்கொண்டே அழிப்பானை எடுத்து ‘வீரர்’ பக்கம் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.