மூன்று பந்துதானே மிச்சம்?

கேஷுவல்டிக்கு அடிபட்ட ஆளைக் கொண்டுவருவார்கள். அவனோடு சேர்ந்து அடிவாங்கிய ஹெல்மெட்டையும் கொண்டுவந்து நான் பார்த்தது ஒரே ஒருமுறைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பையனுக்குப் பதினான்கு வயது. காலையில் கிரிக்கெட் நெட்ஸில், அதாவது வலைப்பயிற்சியில், புல் ஷாட் ஆடப்போய், பந்து காதுக்கு மேலே ஹெல்மெட்டில் பட்டிருக்கிறது. "ஹெல்மெட் இருந்ததால தப்பிச்சான் சார். அப்புறமும் அரை மணி நேரம் நல்லாத்தான் ஆடினான்" என்றார் அப்பா. வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்திருக்கிறான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். இட்லி என்றான். இரண்டு நிமிஷம் கழித்து, "நெட்ஸுக்கு எப்ப சார் போகணும்?" என்று அவனே என்னைக் கேட்டான். அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. ஓர் இரவு வார்டில் வைத்துக் கவனித்தோம்.

ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது முழுக்கத் தடுக்காது. அந்தக் குலுக்கலின் அறிகுறிகள் உடனே தெரியவேண்டும் என்பதும் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர், அதாவது தலை உயரத்துக்கு எகிறும் பந்து, ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனைகளில் தேறி, சுமார் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் மாற்று வீரர் அவர்தான். சுற்றிலும் டாக்டர்கள் இருக்கிற இடத்திலேயே இப்படி என்றால், கோச் ஒருவரும் தண்ணீர் கேன் ஒன்றும் மட்டும் இருக்கிற மைதானத்தில் "ஒண்ணும் இல்லடா, ஆடு" என்று யார் தைரியமாகச் சொல்லமுடியும்? தலையில் பலமான அடி என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அடுத்த இரண்டு நாள் யாராவது கூடவே இருக்கவேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மறுபடி வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினால் எழ மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். முக்கியமாக, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள்.

சரி, அந்த ஹெல்மெட். கிட் பேக்கிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வெளியே சிவப்பாக ஒரு பந்துத் தடம் மட்டும். உள்ளே காது மேல் வருகிற இடத்தில் விரலால் அழுத்தினால் ஃபோம் குழிந்தது, குறுக்கே ஒரு விரிசல். தாடை ஸ்டிராப்பின் கிளிப் உடைந்து, ஷூ லேஸால் முடிச்சுப் போட்டிருந்தது. பெரியப்பா மகன் ஆடிவிட்டுக் கொடுத்ததாம். அடிபட்ட பையன் ஆடி முடித்து வெளியே வந்ததும் அதையே வாங்கி மாட்டிக்கொண்டு தம்பி ஆடியிருக்கிறான். தம்பிக்கு வயது பதினொன்று.

ஃபோம் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. பலமாக ஒருமுறை நசுங்கிய இடம் மறுமுறை அதே மாதிரி தாங்காது. அதோடு அளவுப் பிரச்சினை வேறு. பெரியவர்கள் ஆடும் பந்து சுமார் 156 முதல் 163 கிராம்; சின்னப் பிள்ளைகளின் பந்து அதைவிடச் சிறியது, பெரிய ஹெல்மெட்டின் முன் இடைவெளியில் நுழைந்துவிடலாம். அதனால்தான் 2013இல் வந்த பிரிட்டிஷ் தரநிர்ணயம், இரண்டு அளவுப் பந்துகளையும் தனித்தனியாக ஏவி, முன்விளிம்புக்கும் முகத்தை மறைக்கும் கம்பி கிரில்லுக்கும் இடையே நுழைகிறதா என்று சோதிக்கச் சொல்கிறது. 2014இல் ஓல்ட் டிராஃபோர்டில் வருண் ஆரோன் வீசிய பந்து அந்த இடைவெளியில் புகுந்துதான் இங்கிலாந்து வீரர் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது. ஆகவே "வளர்ற பையன், ஒரு சைஸ் பெரிசா வாங்கிடலாம்" என்பது ஸ்கூல் யூனிஃபாரத்துக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

கழுத்து தனிக் கதை. 2014 நவம்பர் 25, சிட்னி. ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் 63 ரன்னில் இருந்தார், ஹெல்மெட்டும் அணிந்திருந்தார். ஹூக் ஷாட் ஆடி உடம்பு சுழன்ற நேரம், ஹெல்மெட்டுக்குக் கீழே இடதுபக்கக் கழுத்தில் பந்து பட்டது. கழுத்தெலும்புகளின் ஓரமாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் கிழிந்து, மூளையைச் சுற்றி ரத்தம் பரவியது. இரண்டு நாளில் இறந்தார். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பின்கழுத்தை மறைக்கும் நெக் கார்டு அதற்குப் பிறகுதான் பரவலானது. ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை எதிர்கொள்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் கட்டாயம். நம் கடைகளிலும் தனியாகக் கிடைக்கிறது, பழைய ஹெல்மெட் சிலவற்றில் பொருத்திக்கொள்ளலாம். வாங்குமுன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கழுத்தில் அடிபட்டு விழுந்தவனைத் தூக்கி உட்காரவைப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு அடியுங்கள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் முன்னாள் இந்திய வீரர் ராமன் லாம்பா. 1998 பிப்ரவரி, டாக்காவில் கிளப் ஆட்டம். பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் நிற்கப் போனவரிடம் ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓவரில் மூன்று பந்துதானே மிச்சம் என்றாராம். பேட்ஸ்மேன் அடித்த பந்து தலையில் பட்டுத் தெறித்ததை விக்கெட் கீப்பர் கேட்ச் பிடித்தார். லாம்பா எழுந்து நடந்தே வெளியே போனார். சிறிது நேரத்தில் நினைவிழந்தவர் மூன்றாம் நாள் இறந்தார். பெட்ரோல் டாங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். அந்த 'மூன்று பந்து' நமக்கு நன்றாகவே புரியும்.

மூன்று வாரம் கழித்து பையன் மறுபரிசோதனைக்கு வந்தான். தலைவலி போயிருந்தது, தூக்கம் சரியாகியிருந்தது. படிப்படியாக ஓடலாம், அப்புறம் பந்து இல்லாமல் பயிற்சி, கடைசியாகத்தான் லெதர் பால் என்று எழுதிக்கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் புது ஹெல்மெட் வாங்கியாயிற்று என்றார் அப்பா. பழையதை என்ன செய்தீர்கள் என்றேன். பைக்கில் இருக்கிறது, தெருவில் ஆடுகிற பசங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

எடுத்துவரச் சொன்னேன். டிரெஸ்ஸிங் டிரேயிலிருந்த கத்தரிக்கோலால் ஷூ லேஸையும் ஸ்டிராப்பையும் வெட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.